ராஜகீழ்ப்பாக்கத்தில் பன்னிரண்டு நாள்

நீங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்திருக்கிறீர்களோ? அநேகமாக வந்திருக்க மாட்டீர்கள், கடந்து போயிருப்பீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, கிழக்குப் பக்கமாக வெளியே வந்து, வேளச்சேரி போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டால், சேலையூர் தாண்டி, காம்ப் ரோடு தாண்டியதும் எங்கள் ஊர் வந்துவிடும். நாலு பேர் இறங்குவார்கள். ஆறு பேர் ஏறுவார்கள். நீங்கள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடவாக்கம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

பெயரில்தான் ராஜா இருக்கிறார். ஊரில் அரண்மனை ஒன்றும் கிடையாது. ஏரி உண்டு. அடுத்தாற்போல் செம்பாக்கத்திலும் ஓர் ஏரி உண்டு. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ஏரித் தண்ணீரெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடி வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, 2021-ல் நாங்களும் தாம்பரம் மாநகராட்சிக்காரர்கள் ஆகிவிட்டோம்!

இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். சென்ற வருஷம் மார்கழியில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு மூன்று பேர் வந்து பன்னிரண்டு நாள் தங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

வந்தவர்களில் இருவர் வட இத்தாலியில் ஒரு மலையடிவார ஊர்க்காரர்கள். அவர் தபால் இலாகாவில் இருக்கிறார். அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாவது ஆள் நம் ஊர்ப் பெண், வயது ஆறு. தாம்பரத்தை அடுத்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். அவளைத் தத்து எடுத்துக்கொண்டு போகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். இல்லத்துக்கும் பக்கம், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பக்கம் என்று எங்கள் மாடியைப் பிடித்திருந்தார்கள். குழந்தையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது அவளுடைய சொத்து. இங்கே 'பாப்பா' என்றே வைத்துக்கொள்வோம்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'பணத்தைக் கட்டினால் வெளிநாட்டார் யார் வேண்டுமானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமோ?' என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இல்லத்துச் சமூக சேவகியான பெண் எனக்கு விளக்கிச் சொன்னாள். டில்லியில் 'காரா' என்ற மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் 1990-லிருந்து இருக்கிறது. முதலில் நம் தேசத்துக் குடும்பங்களுக்குத்தான் குழந்தையைக் காட்டுவார்கள். உள்நாட்டில் இடம் கிடைக்காத குழந்தைகள்தான் பெரும்பாலும் வெளிநாட்டாருக்குப் போகிறார்கள்; வயது சற்று ஏறிய குழந்தைகள், கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாதவர்கள், வைத்தியம் தேவைப்படுகிறவர்கள். நம்மவர்கள் பலரும் கைக்குழந்தையாகத்தான் கேட்கிறார்கள். ஆறு வயது என்றதும், "அதற்கு எல்லாம் தெரிந்திருக்குமே!" என்று தயங்குகிறார்களாம்.

வாஸ்தவம்தான். பாப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது விதி. அவளையும் கேட்டார்கள். "சரி" என்று சொன்னாளாம். மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட்டாகிவிட்டது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. சட்டப்படி அவள் அவர்களுடைய பெண். ஆனால், வாசகர்களே, சட்டம் பெற்றோருக்குக் குழந்தையைக் கொடுத்துவிடும். குழந்தை அவர்களைத் தன் பெற்றோராக எடுத்துக்கொள்ள வேண்டாமா? அதற்கு எந்த ஆட்சியர் கையெழுத்துப் போட முடியும்?

விருந்தாளியாக வந்த குழந்தை

முதல் நாள் சாயங்காலம் காரிலிருந்து இறங்கும்போது பாப்பாவின் கையில் ஒரு துணிப்பையும் ஓர் ஆல்பமும் இருந்தன. அவர்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்த ஆல்பம் அது. வீடு, தோட்டம், தாத்தா, பாட்டி, ஒரு பழுப்பு நாய் எல்லாம் படமாக அதில் இருந்தன. கைபேசித் திரையில் பல தடவை பேசியும் இருக்கிறார்களாம். அதனால் முகம் புதிதில்லை. பாப்பா சிரித்தாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், "தேங்க் யூ" சொன்னாள். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவ்வளவு நல்ல குழந்தை!" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலேயே என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவு தோசை கொண்டு போய்க் கொடுத்தபோது கவனித்தேன். மெத்தைக் கட்டில் காலியாக இருந்தது. பாப்பா வாசற்கதவுக்குப் பக்கத்தில் வெறும் தரையில், செருப்பைக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள். பிறத்தியார் வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் புறப்படத் தயாராக இருப்பதில்லையா? அதுமாதிரி.

மறுநாள் காலையில் அவளுடைய பையைத் தொட்டால் பிசுபிசுவென்றிருந்தது. உள்ளே இரண்டு இட்லி, பாதி வாழைப்பழம், மடித்த தோசைத் துண்டு! "அடடா, எறும்பு வந்துவிடுமே!" என்று நான் எடுத்து எறியப் போனேன். பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளையாக அந்தச் சமயம் சமூக சேவகி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"எடுக்காதீர்கள் அம்மா. இல்லத்தில் அவள் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத குழந்தை. அதனால்தான் சேர்த்து வைக்கிறாள்" என்றாள். பிறகு என்னிடமே ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி, பிஸ்கட்டைப் போட்டு ஜன்னல் மேடையில் வைத்தாள். "பாப்பா, இது உன் டப்பா. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். தீர்ந்தால் அம்மா நிரப்புவார்" என்றாள்.

அன்று முழுவதும் பாப்பா பத்துத் தடவையாவது டப்பாவைத் திறந்து பார்த்திருப்பாள். தின்றது இரண்டே பிஸ்கட்.

அன்றிரவு அவர் மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டார். என்னிடம் ஜமக்காளம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கதவுக்குப் பக்கத்திலேயே விரித்தார். ஆறடி உயரத்து மனிதர், தரையில் படுத்துப் பழக்கமில்லாதவர், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

நான் செய்த தவறு

மூன்றாம் நாள்தான் புயல் அடித்தது. தலை வாரிவிட அந்த அம்மாள் சீப்பை எடுத்தாள். என்ன நினைத்துக்கொண்டதோ குழந்தை, சீப்பைப் பிடுங்கி எறிந்தது. "ஆயா வேணும்! ஆயாகிட்ட போகணும்!" என்று ஒரே அழுகை. தொட்டால் உதறினாள். கிட்டே போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இல்லத்தில் அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்கச் செய்த ஆயா ஒருத்தி உண்டு. அவளுடைய எண்ணெய் வாசனை, புடவை வாசனை, பேச்சு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. பெரியவர்களாகிய நமக்கு வீடு மாறினாலே ஒரு மாதம் தூக்கம் வருவதில்லையே!

அந்த அம்மாள் சமையலறையில் வந்து நின்று அழுதாள். "என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் அவளை அவள் ஊரிலிருந்து திருடிக்கொண்டு போகிறேனோ?" என்று கேட்டாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் குழந்தையைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும் அல்லவா? மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான். பாப்பாவைத் தூக்கிக் கீழே கொண்டு வந்தேன். தமிழில் பேசினேன். ரசம் சாதம் பிசைந்து, காக்காயைக் காட்டி, ஒவ்வொரு கவளமாக ஊட்டினேன். சமர்த்தாகச் சாப்பிட்டாள். என் மடியிலேயே தூங்கியும் போனாள். அன்று மட்டும் அல்ல, நாலாம் நாளும் அப்படியே. காலையில் கண் விழித்ததும், "கீழ் வீட்டுப் பாட்டி!" என்று படி இறங்கி ஓடி வர ஆரம்பித்தாள். எனக்கு உள்ளூரப் பெருமை. மறைப்பானேன்?

ஐந்தாம் நாள் சமூக சேவகி என்னைத் தனியாக அழைத்தாள்.

"கோபித்துக்கொள்ளக் கூடாது, அம்மா. இனிமேல் நீங்கள் ஊட்ட வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்? நான் என்ன பாவம் செய்தேன்?" என்றேன்.

"பாவம் இல்லை, பிரியம்தான். ஆனால் இன்னும் ஒரு வாரத்தில் நீங்களும் அவளுக்கு இல்லாமல் போவீர்கள். ஏற்கெனவே ஆயாவை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்னொரு பிரிவு எதற்கு? பசித்தால் யார் கை சோறு போடுகிறது, அழுதால் யார் மடி கிடைக்கிறது என்பதில்தான் குழந்தை தாயைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கை அந்த அம்மாளின் கையாக இருக்கட்டும். நீங்கள் அவருக்குக் கற்றுக்கொடுங்கள்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். நான் குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு தாயின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் சமையலறையில் பாடம் ஆரம்பமாயிற்று. சாதத்தைக் குழைத்து, ரசம் விட்டு, நெய் விட்டு, விரல் நுனியால் பிசைவதை அந்த அம்மாள் கற்றுக்கொண்டாள். முதல் நாள் முழங்கை வரை ரசம் வழிந்தது. அதைப் பார்த்துப் பாப்பா சிரித்தாள். 'தேங்க் யூ' சொல்லும் விருந்தாளிச் சிரிப்பு அல்ல. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் திருட்டுச் சிரிப்பு. அப்புறம் தானே, "இப்படி இல்லே, இப்படி" என்று அந்த வெள்ளைக் கையைப் பிடித்துப் பிசையக் கற்றுக்கொடுத்தாள். தேங்காய் எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போடவும் அந்த அம்மாள் கற்றுக்கொண்டாள். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே! இருந்தால் என்ன?

இரண்டு பக்கமும் அம்புக்குறி

எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமிடும். எங்களுக்குக் காதில் விழுவதே இல்லை. பாப்பாவோ சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவிடுவாள். ஒரு நாள் மெதுவாக என்னைக் கேட்டாள்: "பாட்டி, அதுலே ஏறிப் போனா திரும்பி வர முடியாதா?"

நான் அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஒரு மூலையில் எங்கள் வீடு, கோலத்தோடு. இன்னொரு மூலையில் அவர்கள் வீடு, நாயோடு. நடுவில் ஒரு விமானம். அதன் இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டார், போகவும் வரவும். பாப்பா வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துத் தன் டப்பாவில் பிஸ்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் எல்லோரும் மாடம்பாக்கம் போனோம். நீங்களும் இந்தப் பக்கம் வந்தால் அந்தத் தேனுபுரீசுவரர் கோயிலைப் பார்க்காமல் போகாதீர்கள். சோழர் காலத்துக் கோயில். கருவறை யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும், 'கஜபிருஷ்டம்' என்பார்கள். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் பால் சொரிந்தார் என்பது தலபுராணம். அந்தக் கதையை நான் சொன்னதும் அந்த அம்மாள், "கன்று இல்லாமலே பால் சுரந்ததா?" என்று கேட்டாள். நான் யசோதையைப் பற்றிச் சொன்னேன். துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தையை எடுத்து வளர்த்து ஆண்டாளாக்கிய பெரியாழ்வாரைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் ஊரில் இது பழைய வழக்கம்தான் போலிருக்கிறது" என்றாள். வளர்த்தவர்களைக் கொண்டாடும் கதைகள் இத்தனை இருந்தும், அக்கம்பக்கத்தில் தத்துக் குழந்தை என்றால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமே, ஏன்?

எட்டாம் நாள் பாப்பாவை மறுபடியும் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். 'ஐயோ, இப்போதுதான் மறந்துகொண்டு வருகிறாள், எதற்குக் கிளறுகிறார்கள்?' என்று நான் பதறினேன். ஆனால் சொல்லிக்கொண்டு பிரிவதுதான் முக்கியமாம். ஆயாவே வாயைத் திறந்து, "போய் வா கண்ணு, இவங்க உன் அம்மா, அப்பா" என்று சொல்ல வேண்டுமாம். ஆயா சொன்னாளாம்; அழுதாளாம்; பாப்பாவும் அழுதாளாம். அந்த அம்மாள் ஆயாவோடு குழந்தையைப் படம் எடுத்தாள். ஆயாவின் பெயர், குழந்தை படுத்த அறை, அவளுக்குப் பிடித்த பலகாரம், தூங்கப் பாடும் பாட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவும் எதற்கு?" என்று கேட்டேன். "இது அவளுடையது. ஒரு நாள் கேட்பாள்" என்றாள்.

எனக்குச் சட்டென்று பத்திரிகைகளில் படித்த செய்தி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து பல்லாவரம் எத்தனை தூரம்? 1979-ல் பல்லாவரத்திலிருந்த ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு சிறுவன் டென்மார்க்குக்குத் தத்துப் போனான். அவனுடைய சகோதரனும் அதே தேசத்துக்குப் போனான். ஆனால் வேறு குடும்பத்துக்கு. வறுமையினால் தாய் பிள்ளைகளை இல்லத்தில் விட்டிருந்தாள். அந்தச் சிறுவன் வளர்ந்து நாற்பது வயதான பிறகு, பழைய படங்களையும் காகிதங்களையும் வைத்துக்கொண்டு தேடித் தேடி, 2019-ல் தன்னைப் பெற்றவளைக் கண்டுபிடித்தார். தாய் பேசும் தமிழ் மகனுக்குத் தெரியாது. மகன் பேசும் பாஷை தாய்க்குத் தெரியாது. அந்தக் காலத்தில் யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் எத்தனை வருஷத் தேடல் மிச்சமாகியிருக்கும்!

அந்த நாளில் விதிகள் இவ்வளவு இறுக்கமாக இல்லை. வெளிநாட்டார் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின்படி குழந்தையைப் பெற்றுக்கொண்டு போய், தங்கள் தேசத்தில்தான் தத்து எடுப்பார்கள். லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்று 1984-ல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் வரைமுறைகள் பிறந்தன. நாடு விட்டு நாடு தத்துப் போகும் குழந்தைகளைப் பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் 2003-ல் இந்தியாவும் சேர்ந்தது. இப்போது குழந்தை போன பிறகும் இரண்டு வருஷத்துக்கு அறிக்கை வர வேண்டும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. பதினெட்டு வயதானதும் தன் பூர்வீகத்தைத் தேட அந்தக் குழந்தை தானே விண்ணப்பம் போடலாம்.

யாரிடம் ஓடினாள்?

பத்தாம் நாள் காலை. வாசலில் நான் புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாப்பா தன் பங்குக்குக் கோலமாவால் ஒரு நாய் வரைந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாள் நாலு வீடு தள்ளிப் பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். எதையோ காட்ட வேண்டுமென்று பாப்பா எழுந்து ஓடினாள். கல் தடுக்கிவிட்டது. முழங்கால் சிராய்த்து ரத்தம்.

"அம்மா!" என்று கத்தினாள்.

அடிபட்டால் எந்தத் தமிழ்க் குழந்தையும் 'அம்மா' என்றுதான் கத்தும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். கையை நீட்டிக்கொண்டு எழுந்தேன். பாப்பா எழுந்தாள், என்னைப் பார்த்தாள், என்னைத் தாண்டி ஓடினாள். நாலு வீடு தூரம், நொண்டிக்கொண்டே ஓடிப்போய், அந்த அம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பால் பாக்கெட் தெருவில் விழுந்து உடைந்தது. இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

என் நெஞ்சில் ஒரு சின்ன முள் குத்தியது உண்மை. ஆனால் அந்த முள்ளைப் போல் ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு மீனம்பாக்கத்தில் வழியனுப்பிவிட்டு வந்தோம். பாப்பா என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "வரேன் பாட்டி" என்றாள். 'போகிறேன்' என்று சொல்லவில்லை, யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு குழந்தை வரலாம். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தையாக இல்லாவிட்டாலும், அடுத்த வீட்டுத் தம்பதிக்கு வந்த குழந்தையாக. பார்க்கப் போகும் அவசரம் வேண்டாம். சில வாரம் பொறுங்கள். "சொந்தக் குழந்தை மாதிரியே இருக்கிறதே!" என்று சொல்லாதீர்கள், அது சொந்தக் குழந்தைதான். "பெரிய புண்ணியம் செய்தீர்கள்" என்றும் சொல்லாதீர்கள். பிள்ளை வேண்டுமென்று ஏங்கியவர்களுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பலகாரம் செய்து கொண்டு போங்கள். ஆனால் குழந்தையின் வாயில் ஊட்டாதீர்கள். தாயின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் மாடியைப் பெருக்கப் போனேன். ஜன்னல் மேடையில் என் எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். அம்புக்குறி போட்ட காகிதம் இல்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிஸ்கட் மட்டும், யாரும் தொடாமல், நமுத்துப் போய்க் கிடந்தது.